உயிலா, செட்டில்மெண்டா?

1

மகனைக் கல்லூரியில் சேர்க்க மகன் இல்லாமல் போய் நின்றவள் இந்த டெக்சஸ் மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நம் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. பிள்ளை வீட்டில் பத்து மணிவரை தூங்குவான். அப்பா மார்க் ஷீட், டீசி, சாதிச் சான்றிதழ், மூன்று செட் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். “பையன் வரலையா?” என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பழக்கத்தில் நானும் மே மாதம் ஒரு காலையில் மூன்று செட் ஜெராக்ஸுடன் போய் உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தால், முப்பத்தாறு மாதம் கல்லூரியில் படிக்கிற செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நமக்கு வேண்டாமென்றால், ராணுவத்தில் இருக்கும்போதே அதைக் கணவன், மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நான் பன்னிரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தேன். முப்பத்தாறு மாதத்தையும் என் ஒரே மகன் கதிர் பெயருக்கு மாற்றிவிட்டேன். அவனுக்கு இப்போது இருபது வயது. இருபத்தாறு ஆகிவிட்டால் அவனால் அதைத் தொட முடியாது. அவனோ கல்லூரிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்கிறான்.

முன்னாள் படைவீரர்களுக்கென்று அந்தக் கல்லூரியில் ஒரு தனி மேசை உண்டு. அங்கே இருந்தவர் பெயர் டெனிஸ். கடற்படைக் கப்பலில் சமையல்காரியாக இருந்தவராம். என் ஜெராக்ஸ் கட்டைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“மாணவர் எங்கே?”

“வேலைக்குப் போயிருக்கிறான்.”

“அப்படியானால் அவனுக்கு வசதியான நாளில் வரச் சொல்லுங்கள்.”

“வர மாட்டான். அவனுக்குப் படிக்க இஷ்டமில்லை.”

டெனிஸ் பேனாவைக் கீழே வைத்தார். “இஷ்டமில்லாதவனை எதற்குச் சேர்க்க வந்தீர்கள்?”

“மாதங்கள் வீணாகிவிடுமே.”

“ஏன் வீணாக வேண்டும்? நீங்களே எடுத்துக்கொண்டு படிக்கலாமே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்த பிறகு எப்படி எடுப்பது என்று கேட்டேன். டெனிஸ் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பயன்படுத்தாத மாதங்களை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கொடுத்தவர் விருப்பம் போதும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“அவன் கையெழுத்து?”

“தேவையில்லை.”

“சாட்சிகள்?”

“எதற்குச் சாட்சி?” என்று அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

ராணுவத்தை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசையை மென்று விழுங்கிக்கொண்டு, என் கைக்கு எட்டாது என்று நினைத்து, ஒரு கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த ஆத்திரத்தில் ஜெராக்ஸ் கட்டை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டேன்.

2

இந்தத் தப்பு எப்படி நடந்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. டெனிஸுக்கு விளக்க முடியவில்லை.

என் அப்பா சங்கரலிங்கம் சங்கரன்கோவில் பத்திர ஆபீசில் முப்பது வருஷத்துக்குமேல் கிளார்க். பக்கத்து வீட்டில் விசைத்தறி, எங்கள் வீட்டில் பத்திரம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கிரயம், அடமானம், உயில், தானசெட்டில்மெண்ட் என்று காதில் விழுந்து விழுந்து வளர்ந்தவள் நான். என் கூடப் படித்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மனப்பாடம் என்றால், எனக்கு உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனப்பாடம்.

ஒருமுறை திருவேங்கடம் பக்கத்திலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீடு தேடி வந்துவிட்டார். மூத்தவன் பெயருக்கு எழுதிக் கொடுத்த கரிசல் காட்டைத் திரும்ப வாங்க வேண்டுமாம். அப்பா பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“அண்ணாச்சி, உயிலா எழுதியிருந்தீயன்னா இப்பமே கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம். நீங்க எழுதினது செட்டில்மெண்டுல்லா. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே போச்சு. இனி அவன் மனசு வச்சாத்தான் உண்டு.”

அந்த மனிதர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அன்று மண்டையில் ஏறியது இறங்கவே இல்லை. பல வருஷம் கழித்து, ராணுவப் படிவத்தில் ‘பெயர் மாற்றிக் கொடுத்தல்’ என்ற அர்த்தத்தில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் மனசு அதைத் தானாகவே பத்திர ஆபீஸ் தமிழுக்கு மாற்றிக்கொண்டது. சந்தேகத்துக்கு அப்பாவிடமும் போனில் கேட்டேன்.

“பேரு மாத்திக் குடுத்துட்டியா? அப்ப செட்டில்மெண்டுதான். இனி நீ நெனைச்சாலும் ரத்து பண்ண முடியாது. அதனால என்ன, பெத்த பிள்ளைக்குத்தான குடுத்திருக்க?”

திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி அதே படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. கிடங்கில் ஒரு போர்வை குறைந்தால் மூன்று முறை எண்ணுகிறவள், இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. அப்பாதான் சொல்லிவிட்டாரே! அமெரிக்கச் சட்டத்தைச் சங்கரன்கோவில் பத்திர ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்ட புத்திசாலி நான்.

3

நான் ராணுவத்தில் சேர்ந்ததில் வீரமெல்லாம் கிடையாது. திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்க மாப்பிள்ளை வந்தார், படிப்பு நின்றது. இருபத்தோரு வயதில் இங்கே வந்தேன். இருபத்தெட்டில் கணவருக்கு வேலை போனது. வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது, கதிருக்கோ ஆஸ்துமா. கடைத்தெருவில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற அலுவலகம் ஒன்று இருந்தது. ராணுவத்தில் சேர்ந்தால் குடும்பத்துக்கே காப்பீடு உண்டு என்றார்கள், உள்ளே போனேன். கணவரும் நானும் பின்னால் பிரிந்தது வேறு கதை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

சீருடையில் கடைசிப் பெயரை எழுதித் தைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததில் அப்பா பெயர் அந்த இடத்துக்கு வந்திருந்தது. பதின்மூன்று ஆங்கில எழுத்து. பயிற்சி சார்ஜெண்ட் முதல் நாள் அதை வாசிக்கப் பார்த்தார். பாதியில் மூச்சு வாங்கியது. “போதும், இனிமேல் நீ ஆல்ஃபபெட்!” என்று கத்தினார். கோமதி என்கிற நான் பன்னிரண்டு வருஷமும் ஆல்ஃபபெட்தான். அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை. அவர் தெருவில் “எம் மக மிலிட்டரியில ஆபீசர்” என்று சொல்லி வைத்திருந்தார். நான் ஆபீசரும் இல்லை, துப்பாக்கி தூக்கி ஓடியவளும் இல்லை. கிடங்கு. பூட்ஸ், கூடாரம், தண்ணீர்க் கேன், இவைதான் என் போர்க்களம்.

கடைசி மூன்று வருஷம் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியின் கிடங்கில் போட்டார்கள். கட்டுத்துணி, ஊசி, குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் வண்டியில் தள்ளிக்கொண்டு வார்டு வாசல்வரை போவேன். அங்கே நர்ஸ் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். உள்ளே போக எனக்கு அனுமதி கிடையாது. கதவு மூடுவதற்குள் கட்டிலில் கிடக்கிற யாரோ ஒருவரின் கால் தெரியும். அந்தக் கதவுக்கு உள்ளே நின்று வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. நாற்பது வயதில் வருகிற ஆசை இருபதில் வருவதைப்போல் இல்லை, பாடாய்ப் படுத்துகிறது. நர்சிங் படிக்க வேண்டும். அதற்கு அந்த முப்பத்தாறு மாதம் வேண்டும். அது கதிர் பெயரில் இருந்தது.

4

மாற்றிக் கொடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதிருக்குப் பதின்மூன்று வயது. மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இன்னும் நான்கு வருஷம் ராணுவத்தில் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அந்த நான்கில் ஒரு வருஷம் குவைத் பாலைவனத்தில் போனது. அந்த வருஷம் கதிர் அவன் அப்பா வீட்டில் இருந்தான். திரும்பி வந்தபோது என்னைவிட உயரமாக இருந்தான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடிப்பதா கைகொடுப்பதா என்று தெரியாமல் நின்றான்.

அது பிறகு நடந்தது. கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் சமையலறையில் அவனிடம், “இனி ஒன் காலேஜ் படிப்புக்குக் கவலையில்ல. எல்லாம் ஒம் பேர்ல போட்டாச்சு” என்றேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

“வேண்டாம்மா. நீயே வச்சுக்கோ.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீடுகளில் யாராவது ஒன்று கொடுத்தால் உடனே கை நீட்டுவோமா? காபி கொடுத்தால்கூட, “இப்பம்தான் குடிச்சுட்டு வாரேன், வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். அவர்கள் வற்புறுத்த வேண்டும். மறுபடி வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது முறை வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பிறந்த பையனுக்கு இந்தப் பண்பு எங்கிருந்து வந்தது என்று பூரித்துப் போனேன். வழக்கப்படி வற்புறுத்தினேன். அவனும் வழக்கப்படி (அப்படித்தான் நினைத்தேன்) மறுபடி வேண்டாம் என்றான். மூன்றாவது முறை சொன்னபோது ஒன்றும் பேசாமல் ஐபேடை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். சரி, வாங்கிக்கொண்டான் என்று அர்த்தம்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம். “பாத்தியாட்டி, எங்கன பொறந்தாலும் நம்ம ரத்தம்!” என்றார்.

5

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கதிர் மின்கம்பி வேலைக்குப் போய்விட்டான். கம்பத்தில் ஏறுகிற வேலை. புயல் அடித்தால் இவர்கள் படை கிளம்பிப் போகும். பயிற்சிக் காலமே நாலு வருஷம் போலிருக்கிறது. முதல் வாரம் உள்ளங்கை எல்லாம் கொப்புளமாக வந்தான். நான் களிம்பைத் தேடி ஓடினேன். அவன் கையை விரித்து எனக்குக் காட்டிச் சிரித்தான்.

அப்பா சனிக்கிழமை தவறாமல் அழைப்பார். எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். “பய காலேஜ்ல சேந்துட்டானா?” என்பதுதான் முதல் கேள்வி. “அடுத்த டேர்ம் சேருதான்ப்பா” என்பது என் பதில். இரண்டு வருஷத்தில் எத்தனை டேர்ம் வந்துபோனது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கேட்கவில்லை. மாதங்கள் கதிர் பெயரில் இருக்கிறவரை அது முழுப் பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என்றைக்காவது சேரலாம் அல்லவா? டெனிஸ் சொன்னதைக் கேட்ட பிறகும் இரண்டு வாரம் நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். எடுத்துவிட்டால், என் மகன் படிக்கப் போவதில்லை என்பதை நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கையெழுத்து தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும், பத்திர ஆபீஸ் கிளார்க் மகளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம், மஞ்சள் நிறப் பாதுகாப்புச் சட்டையோடு வந்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் பேச்சை எடுத்தேன். கதிருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பேசுவது அச்சு அசல் என் பேச்சு.

“கதிர், ஒம் பேர்ல கெடக்கே, அந்த மாசமெல்லாம்...”

“அம்மா, ப்ளீஸ். மறுபடியுமா?”

“கேளு முதல்ல. அத நான் எடுத்துக்கிடட்டுமா? நான் படிக்கலாம்னு பாக்கேன்.”

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. “எடுக்க முடியுமா?”

“முடியுமாம்.”

“முடியவே முடியாதுன்னு நீதான சொன்ன?”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

அவன் முகம் சிவந்துவிட்டது. கதிருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும்.

“நான் அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேன்லா? ரெண்டு தடவ சொன்னேன்.”

“மரியாதைக்குச் சொல்லுதன்னு நெனைச்சேன்.”

“மரியாதைக்கா? வேண்டாம்னா வேண்டாம்தானம்மா. வேற என்ன அர்த்தம்?”

காபி விஷயத்தை எல்லாம் அவனிடம் எப்படி விளக்குவது? அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் நான் சொல்லிக் கொடுத்தது. இதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே தெரிந்துகொண்டிருப்பான் என்று எடுத்துக்கொண்டது என் பிசகு.

“எனக்காக நீ நாலு வருஷம் எக்ஸ்ட்ரா இருந்த. குவைத் போன. எனக்குத் தெரியும்லா? நீ காலேஜ்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அதுதான் கேக்கும். அந்த நாலு வருஷத்த நான் எங்கன கொண்டுபோய் வைக்க?”

இரண்டு வருஷமாக நான் கல்லூரிப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். வெறுப்பு என்று நினைத்திருந்தேன். அப்பனைப் போலவே பிடிவாதம் என்று திட்டியும் இருக்கிறேன். அவன் வாங்காத கடனுக்குக் குனிந்து நின்றிருக்கிறான். பெற்றவளுக்கு அது தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“எடுத்துக்கோம்மா. ஃபுல்லா எடுத்துக்கோ.”

“கோவத்துல சொல்லுதியா?”

“இல்ல. சீரியஸா.” பிறகு, “இன்னும் கொஞ்சம் சாதம் இருக்கா?” என்றான். அவன் இரண்டாவது தடவை கேட்டுச் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

6

முழுவதையும் எடுத்துவிட வேண்டாம் என்று டெனிஸ்தான் யோசனை சொன்னார். ராணுவத்தை விட்டு வெளியே வந்தவர்கள் புதிதாக யார் பெயரையும் சேர்க்க முடியாது. ஒரு மாதமாவது அவன் பெயரில் விட்டு வைத்தால், பின்னால் அவன் மனசு மாறினால் அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஒட்ட எடுத்துவிட்டால் கதவு மூடிவிடும். வீட்டுக் கணினியில் முப்பத்தைந்து எனக்கு, ஒன்று அவனுக்கு என்று போட்டேன். கதிர் திரையை எட்டிப் பார்த்தான்.

“எதுக்கு ஒரு மாசம்?”

“சும்மா கெடக்கட்டுமேன்னு. வேண்டாம்னா சொல்லு, எடுத்துருதேன். இந்தத் தடவ ஒரு மட்டம் சொன்னாப் போதும்.”

யோசித்தான். “கெடக்கட்டும்” என்றான்.

ஆகஸ்டில் வகுப்பு. முதலில் உடற்கூறியல். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது, அங்கிருந்த சின்னப் பெண் “அடுத்தவர்” என்றதும் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்று “யெஸ், சார்ஜெண்ட்!” என்று சொல்லிவிட்டேன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். போட்டோவில் பல் தெரிகிறது.

அந்த வாரச் சனிக்கிழமை அப்பா அழைத்தார். ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா, ரத வீதி முழுக்கத் தலையாக இருக்கிறதாம், தறி எல்லாம் நிறுத்தியிருக்கிறார்களாம். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட நினைத்தேன்.

“எப்பா, காலேஜ்ல சேந்தாச்சு.”

“சேந்துட்டானா! தபசும் அதுவுமா நல்ல சேதி சொன்னட்டி. இரு, பய பேருக்கு ஒரு அர்ச்சனைக்குச் சொல்லிட்டு...”

“எப்பா, அவன் இல்ல. நான்.”

மைக்கில் யாரோ காணாமல் போன பிள்ளையின் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது போனில் கேட்டது.

“நீயா?”

“நர்சிங் படிக்கப் போறேன். அவன் ரெண்டு வருஷமா வேலைக்குப் போறான்ப்பா. கரண்ட் கம்பத்துல. ஒங்ககிட்ட நான் பொய்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“ஈபியா? கவர்மெண்டுதான?”

“இல்லப்பா. கம்பெனி.”

அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் மனசு பத்திரத்துக்குப் போய்விட்டது. “எழுதிக் குடுத்தத எப்படித் திரும்ப வாங்கின? செட்டில்மெண்டுல்லா அது?”

“இல்லப்பா. உயில் மாதிரிதானாம். நாம ரெண்டு பேரும் தப்பா நெனைச்சுட்டோம்.”

“நாம என்ன நாம. நான்லா சொன்னேன்.” பத்திர விஷயத்தில் அப்பா தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை. “பய கையெழுத்துப் போட்டானா?”

“கையெழுத்தே வேண்டாமாம்ப்பா. ஆனா நான் அவங்கிட்ட கேட்டேன். கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.”

“கேட்டியா?”

“ம்.”

மைக் சத்தம் குறைந்தது. கூட்டத்திலிருந்து விலகி எங்கேயோ சந்துக்குள் வந்திருக்க வேண்டும். அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“ஒனக்குக் கல்யாணம் பேசி முடிச்சப்ப திருநெவேலிக்கு ஒன் டீசிய வாங்கப் போனேம்லா, அன்னைக்கு நீ கிளாஸ்ல இருந்த. ஜன்னல் வழியாப் பாத்தேன். என்னமோ எழுதிக்கிட்டு இருந்த. நான் ஒங்கிட்ட கேக்கல, கோமு.”

இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்ததில்லை. அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள் என்று சொல்வதுதான் முறை. வாய்வரை வந்துவிட்டது.

“ஆமாப்பா,” என்றேன். “கேக்கல.”

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.